மல்லிகா பெயரில் ஒரு சீட்டு

ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, எழுபத்திரண்டு என்று சீட்டில் எழுதினேன். அதே நேரத்தில் அவள், "நெஞ்சு இப்பவே படபடன்னு அடிச்சிகினு கீது சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் எழுதினேன். இரண்டும் ஒரே சீட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக, என் கையெழுத்திலேயே இருந்தன. எழுதி முடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். நர்ஸாக நான் செய்த தப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

நீங்கள் டெலிமெடிசின் நர்ஸாகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, திரையில் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்கப் போகிறீர்கள். நீங்கள் எழுதுவதை டாக்டர் பார்ப்பார், மருந்துச் சீட்டு நோயாளியின் செல்போனுக்கே போய்விடும். உங்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு நிதானமாக உட்கார்ந்து எழுத வராது. இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தேன். காத்திருக்கும் பெஞ்சு பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி இருக்கும். அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு, புதன்கிழமை மாலை ஒரு மனநல மருத்துவர் வர ஆரம்பித்தார். வாசலில் போர்டும் வைத்தோம். முதல் மூன்று வாரம் மருந்துக் கம்பெனி ஆளைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் செய்தித்தாளை விளம்பரம் உட்பட முழுசாகப் படித்துவிட்டுப் போவார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

ஆள் இல்லாமலா? பகலில் வந்து "கேஸ் டிரபுள்" என்பார்கள். "நெஞ்சை அடைக்குது, இ.சி.ஜி. எடு" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் இ.சி.ஜி.யில் ஒரு குறையும் இருக்காது. ஒரு மாதம் கழித்து மறுபடி வருவார்கள். பகல் டாக்டர், "இது பதற்றம்தான், புதன்கிழமை வந்து பாருங்க" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். "நான் இன்னா மெண்டலா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

நான் ஒரு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்த தோல் டாக்டரைக் கெஞ்சிக் கூத்தாடிப் புதன்கிழமைக்கு மாற்றினேன். அவருக்கும் இவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டோக்கன். போர்டில் "சிறப்பு மருத்துவர்கள், புதன் மாலை" என்று மட்டும் எழுத வைத்தேன். அடுத்த மாதமே பெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளே மனநல டாக்டரிடம் போகிறவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டே இருப்பார்கள். பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவர் யாராவது நின்றால் இன்னும் வேகமாகச் சொறிவார்கள். உண்மையான தேமல்காரர் ஒருவர் சொறியாமல் உட்கார்ந்திருக்க, அவரைத்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பொய்க்கு நானே பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மல்லிகா வந்தது அப்படி ஒரு புதன்கிழமைதான். சாத்தாங்காடு பக்கத்திலிருந்து வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சொறியவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை. நேராக வந்து, "நரம்பு டாக்டர பாக்கணும்" என்றாள். டாக்டரிடம் அனுப்புவதற்கு முன் விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. கேட்டேன். மடமடவென்று சொன்னாள்.

"திடீர்னு வரும் சிஸ்டர். நெஞ்சு அடிச்சிக்கும். கை வேர்த்துடும். மூச்சு பாதில நிக்கும். இப்பவே செத்துடுவோம்னு தோணும். பத்து நிமிஷத்துல போய்டும். அப்பால நாள் பூரா அட்ச்சிப் போட்ட மாரி கீது."

"எப்போ எப்போ வருது?"

"வெளிய போவக்கொள்ள. ஜனம், வண்டி ஜாஸ்தியா இருந்தா."

"வேற எதுக்காவது பயம் வருமா?"

அதுவரை நிற்காமல் சொன்னவள் சற்று யோசித்தாள். பிறகு குரல் இறங்கி, "கதவ யாராவது தட்டுனா" என்றாள். எழுதிக்கொண்டேன். தொழில் என்ன என்று கேட்டேன், வீட்டு வேலை என்றாள். கணவர் பெயர் ஏழுமலை, தொழில் சமையல் கேஸ் டேங்கர் ஓட்டுவது, மணலி யார்டில் லோடு. தொடர்புக்கு வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடை நம்பரைக் கொடுத்தாள். அந்தக் கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. நாடியைப் பிடித்தேன். எழுபத்திரண்டு. அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

டாக்டர் அவசரப்படுகிற ஆள் இல்லை. கால் மணி நேரம் பேசினார். மெதுவாக வேலை செய்கிற மாத்திரை ஒன்று, அது பிடிக்கும் வரைக்கும் ராத்திரிக்கு மட்டும் இன்னொரு சின்ன மாத்திரை என்று எழுதினார். "இந்தச் சின்ன மாத்திரை தூக்கம் கொடுக்கும். வண்டி ஏதாவது ஓட்டுவீங்களா?" என்று கேட்கவும் கேட்டார்.

மல்லிகா சிரித்துவிட்டாள். "நானா? எனக்கு சைக்கிளே வராது சார்."

நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் பொய்யே இல்லை.

இப்போது எங்கள் டெலிமெடிசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது அது. டாக்டர் மற்ற நாட்களில் ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார். அவரிடம் சொல்லி ஓர் ஏற்பாடு செய்தேன். மருந்து சாப்பிடுகிறவர்கள் ஏதாவது சிரமம் என்றால் காலை பத்தரைக்கு கிளினிக் போனுக்குக் கூப்பிடலாம். அதே நேரம் டாக்டர் என் செல்போனுக்குக் கூப்பிடுவார். இடது காதில் கிளினிக் போன், வலது காதில் செல்போன். இடது பக்கம் கேட்பதை வலது பக்கம் சொல்வேன், அங்கே சொல்வதை இங்கே சொல்வேன். கழுத்து சுளுக்கிக்கொள்ளும். முழங்கையால் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதவும் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் நேரம்தான், போன் கூவ ஆரம்பித்தால் இன்னொரு காசு போட வேண்டும்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மல்லிகா கூப்பிட்டாள்.

"ராத்திரி தூங்க முடியுது சிஸ்டர். ஆனா பகல்ல இன்னும் வருது."

வலது காதில் டாக்டர், "எந்த மாதிரி நேரத்தில் என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். பின்னால் யாரோ ஓர் ஆண் தணிந்த குரலில் ஏதோ சொன்னது கேட்டது. கடை வாசல், நாலு பேர் நிற்பார்கள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள், "லோடு ஏத்திகினு பாலம் ஏறக்கொள்ள காலு உதறுது." அப்படியே நோட்டில் எழுதினேன். தண்ணீர்க் குடமோ, கடைச் சாமானோ தூக்கிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறுகிறாள் போல என்று மனம் தானாகவே ஒரு படத்தைப் போட்டுக்கொண்டது. டாக்டரிடம், "மேம்பாலம் ஏறும்போது கால் உதறுதாம் சார்" என்றேன். லோடு என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். அவ்வளவு நேரமில்லை, அடுத்த ஆள் லைனில் வரக் காத்திருக்கிறார்.

"பெரிய மாத்திரை இன்னும் பத்து நாளில் பிடித்துவிடும். அதுவரைக்கும் சின்ன மாத்திரையில் காலையில் அரை சேர்த்துக்கொள்ளட்டும்" என்றார் டாக்டர்.

"காலையில அரை மாத்திரை சேத்துக்கோ" என்றேன்.

"காலைலயா?"

"ஆமா, காலையிலதான்."

"காலைலயா சிஸ்டர்?" என்று மறுபடியும் கேட்டாள்.

"எத்தனை தடவை சொல்றது மல்லிகா? காலையில. கடைக்காரர்ட்ட போனக் குடு, நான் சொல்றேன்."

இப்போது கேளுங்கள். அந்த இரண்டாவது "காலைலயா" இன்னும் என் காதில் இருக்கிறது. மருந்தைப் பற்றி ஒரே கேள்வியை ஒருவர் இரண்டு முறை கேட்டால் அவருக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. அவர் உங்களிடம் சொல்ல முடியாத ஒன்று அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கிறது. நான் எரிச்சலில் கதவை அடைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு போன் நோட்டில் இருப்பதைச் சீட்டுகளில் ஏற்ற உட்கார்ந்தேன். மல்லிகாவின் சீட்டை எடுத்து, "லோடு ஏத்திகினு பாலம் ஏறும்போது" என்று எழுதும்போது கண் மேலே போனது. கணவர் தொழில், டேங்கர் ஓட்டுநர். இரண்டு வரிக்குக் கீழே, நாடி எழுபத்திரண்டு. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

மருந்துக் கடைக்கு போன் போட்டேன். "காலையில பேசின அம்மா மாத்திரை வாங்கினாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்கிகினாங்க சிஸ்டர். ஆனா அந்தம்மா போடல. கூட வந்தாரு பாருங்க, அவங்க வூட்டுக்காரு, அவருதான் இங்கயே தண்ணி வாங்கி அரைய வாய்ல போட்டுகினாரு. ரெண்டு மணிக்கு லோடாம், யார்டுக்குக் கெளம்பிட்டாரு."

ரெண்டு மணிக்கு லோடு. சமையல் கேஸ் ஏற்றிய டேங்கர். பதற்றத்துக்குக் கொடுக்கிற தூக்க மாத்திரையை முதல் தடவையாகப் பகலில் போட்டுக்கொண்ட ஆள் ஸ்டீயரிங்கில். அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொன்ன வாய் என்னுடையது.

டாக்டரின் செல்போன் அணைத்திருந்தது. பகல் டாக்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். யார்டுக்கு போன் செய்யலாம். ஆனால் யார் எடுப்பார்? எடுத்தவரிடம் என்ன சொல்வது? "உங்க டிரைவர் மாத்திரை சாப்பிட்டிருக்கார், வண்டிய குடுக்காதீங்க" என்று சொன்னால் வண்டி நிற்கும். கூடவே அவன் பிழைப்பும் நிற்கும். அந்தப் பக்கத்து யார்டுகளில் ஓர் ஓட்டுநர் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார் என்று தெரிந்து, அதற்குப் பிறகு டேங்கர் கழுவுகிற வேலைதான் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்கும் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். கற்றுக்கொடுத்த யாரும் டேங்கரைப் பற்றிச் சொல்லவில்லை.

யூனிபார்மோடு ஓடிப் போய் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசையில் நின்றன. ஆட்டோக்காரர் ஓரமாக நுழைந்து நுழைந்து ஓட்டினார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எதிரில் டேங்கர் வரும்போதெல்லாம் ஓட்டுகிற ஆளின் முகத்தைப் பார்த்தேன். ஏழுமலையை நான் பார்த்ததே இல்லை என்பது மூன்றாவது டேங்கர் கடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போகிற வழியில் ஒன்றை மட்டும் தீர்மானித்தேன். முதலில் உண்மையை உடைக்காமல் அவனைக் கீழே இறக்கப் பார்ப்பேன். இறங்காவிட்டால் கேட்டில் நின்று எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்வேன். அவன் வேலை பெரிதுதான். அந்தப் பாலத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகள் அதைவிடப் பெரிது. இந்த வரிசை உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும். எனக்கு அன்றைக்கு அந்த ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

கேட்டில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். வெள்ளை யூனிபார்மைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார். "இன்னா சிஸ்டர், இங்க வந்துகீறீங்க?" என்றார்.

"ஏழுமலையோட சம்சாரம் எங்க கிளினிக் பேஷன்ட். அவரு உடனே என்கூட வரணும்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. சீட்டு மல்லிகா பெயரில்தான் இருந்தது. அவள் சொல்லியிருந்த பொய்யை நான் அன்றைக்கு அவளிடமிருந்து இரவல் வாங்கிக்கொண்டேன்.

"ஏய் ஏழுமல! எறங்குடா! உன் வூட்டுக்காரிக்கு இன்னாவோ ஆய்ட்ச்சாம்!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

கதவு திறந்து ஒருவன் இறங்கினான். நல்ல உயரம். என்னைப் பார்த்தான், யூனிபார்மைப் பார்த்தான். இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடியில் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். முகம் வெளுத்து, சட்டை நனைந்து, மூச்சுக்குத் திணறினான். நான் ஓடிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ணவே முடியவில்லை. எங்கள் சீட்டில் நான் எழுதியிருந்த நோய் அங்கேதான், டயர் ஓரத்தில், உட்கார்ந்திருந்தது.

ஓட்டுநர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சோடா உடைத்தார், ஒருவர் துண்டால் விசிறினார். "பொண்டாட்டின்னா உசுரு மாமு அவனுக்கு. பாரு, கேட்ட ஒடனே வுழுந்துட்டான்" என்றார் ஒருவர். "நீ போ நைனா, லோட நான் எட்த்துகினு போறேன்" என்று இன்னொருவர் சாவியை வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் கண்ணெதிரிலும் அவனுக்கு அந்த நோய் வந்தது. ஒருவருக்கும் அது நோய் என்று தெரியவில்லை.

ஆட்டோவில் ஏறி ஒரு திருப்பம் தாண்டியதும் சொன்னேன். "உன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல நல்லா இருக்கா. உனக்குத்தான் முடியல."

அவன் என் பக்கம் திரும்பினான். பிறகு வெடித்தான். "நீயெல்லாம் ஒரு சிஸ்டரா? உசுரோட வெளையாட்றியா? அவ செத்துட்டான்னு நெனச்சேன்!"

"நீ மட்டும் என்னய்யா செஞ்ச? ஊர் உசுரோட விளையாடல? வாயில மாத்திரையைப் போட்டுகிட்டு அந்தப் பாலத்துல ஏறப் போன!" நானும் கத்தினேன். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

ஏழுமலை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே சொன்னான். "ஆறு மாசம் முன்னாடி ஒரு தபா பிரேக்கு புடிக்கல சிஸ்டர். பாலத்துல எறங்கக்கொள்ள. எதிர்ல ஸ்கூல் வேனு. எப்படியோ ஓரம் கட்டிட்டேன். ஒண்ணுமே ஆவல, ஒரு கீறல் இல்ல. ஆனா அன்னிலேர்ந்து அந்தப் பாலம் வந்தா செத்துப் பொழைக்கிறேன். யார்டுல சொன்னா வண்டிய புடுங்கிப்பாங்க. ஒங்க ஆஸ்பத்திரி பெஞ்சுல குந்தினா யார்டு டிரைவருங்க பஸ்சுலேர்ந்து பாப்பாங்க. அவதான் சொன்னா, நான் போறேன், என்ன மெண்டல்னு சொன்னா சொல்லிக்கட்டும்னு."

அவனை அவன் வீட்டிலேயே இறக்கிவிட்டேன். வாசலில் மல்லிகா நின்றாள். என் ஆட்டோவைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ராத்திரி மட்டும்னு இருந்தப்போ காலைல தெளிஞ்சிடும்னு நெனச்சேன் சிஸ்டர். அதான் ரெண்டு தபா கேட்டேன்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் புதன்கிழமை. இரண்டு பேரும் வந்தார்கள். ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிய ஆரம்பித்தான். மல்லிகா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

அவர்களை உள்ளே விடுவதற்கு முன் நான் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்திரண்டு, பின்னால் கேட்ட ஆண் குரல், நான் விழுங்கிவிட்ட லோடு, இரண்டு "காலைலயா". திட்டுவார் என்று நின்றேன். அவர் சீட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். "நாடியை நானும் படித்தேன். பயத்தில் நெஞ்சு அடிப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கும் என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வண்டி ஓட்டுவாளா என்று கேட்டேன். வீட்டில் வேறு யார் ஓட்டுவார் என்று கேட்கவில்லை" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றோடு மறந்துபோயிருப்பேன்.

ஏழுமலைக்குத் தனிச் சீட்டு போட்டோம். காலை அரை மாத்திரையை டாக்டர் உடனே நிறுத்தினார். ராத்திரி மாத்திரையைத் திடீரென்று விடக்கூடாது, படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம் என்றார். இரண்டு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "மஞ்சக்காமாலன்னு எழுதிக் குடு சார்" என்று ஏழுமலை கெஞ்சினான். டாக்டர் மறுத்துவிட்டார். "பொய் எழுத மாட்டேன். நோயின் பெயரையும் எழுத மாட்டேன். மருத்துவ ஓய்வு தேவை என்று எழுதுகிறேன், அது போதும்" என்றார். போதவில்லை. யார்டில் முணுமுணுத்தார்கள், அவனுக்குக் கேட்டில் ரசீது பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அவன் டேங்கருக்குத் திரும்பியது ஒரு வருடம் கழித்துத்தான். அதுவும் கேஸ் இல்லை, தண்ணீர் லாரி. வருமானம் குறைந்துபோனது. அந்தப் பாலத்தில் மட்டும் நன்றாக ஏறி இறங்குகிறேன் என்று ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

இதிலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். போனில் பேசுகிறவரிடம் முதலில் "கூட யார் இருக்காங்க?" என்று கேட்பேன். "மாத்திரையைப் போடப் போறது யாரு?" என்றும் கேட்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் திரையில் ஒரு முகம்தான் தெரியும். அந்த முகத்தின் கண் அடிக்கடி பக்கவாட்டில் போனால், நோயாளி அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை.

அந்தப் புதன்கிழமை எல்லாம் முடிந்து இருவரும் கிளம்பும்போது, மல்லிகா பெயரில் இருந்த சீட்டு என் கையில் இருந்தது. அதில் இருந்த நோய் இப்போது ஏழுமலையின் சீட்டுக்குப் போய்விட்டது. இனி இது எதற்கு என்று குறுக்கே ஒரு கோடு போட்டுக் கிழிக்கப் போனேன். டாக்டர், "கொஞ்சம் இருங்கள்" என்று கையை நீட்டி வாங்கினார். ஏழுமலையைப் பார்த்து, "உங்களுக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் பயம் வருமா?" என்று கேட்டார்.

"கதவா? இல்லியே சார். கதவுக்கு இன்னாத்துக்கு பயம்?"

டாக்டர் சீட்டை மேசை மேல் வைத்து மல்லிகாவைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"இவரு வண்டில போய்ட்டாருன்னா, யாராவது கதவ தட்டுனா சேதி சொல்லத்தான் வந்துகிறாங்கன்னு தோணும் சார்" என்றாள். "பால்காரன் தட்டுனாலும் அப்படித்தான். கை காலெல்லாம் ஆடிப் போய்டும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே அப்படித்தான். அன்னிக்கு இவரு சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சிகினே வந்தேன். சிஸ்டர் வேற எதுக்கு பயம்னு கேக்கவும் அது தானா வாய்ல வந்துட்ச்சி."

ஏழுமலை அவளைத் திரும்பிப் பார்த்தான். பத்து வருடமாக அவனுக்குத் தெரியாது.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். இந்தத் தடவை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. எழுதுவதற்காகப் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தேன். மல்லிகா என் கையிலிருந்து அதை மெல்ல விலக்கி, மேசை மேல் இருந்த பழைய சீட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"புதுசு வாணாம் சிஸ்டர். என் பேர்லதான கீது, அதுலயே எழுதுங்க" என்றாள்.